செய்வினைப் பொம்மை

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லட்டும். சின்ன வயதில் ஒரு பொம்மையோடு சேர்ந்து வந்த கோபம் அது. இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. வேங்கிக்காலில் புதுவீடு கட்டிக் குடிவந்திருந்தோம். அந்தக் கார்த்திகை தீபத்துக்கு அப்பாவின் அக்கா, என் அத்தை, செங்கம் பக்கத்திலிருந்து தன் மகனோடு வந்திருந்தாள். தேரடித் தெருக் கடையில் அவனுக்கும் என் தம்பிக்கும் ஆளுக்கொரு ஜீப் வாங்கினாள். எனக்கு ஒரு பொம்மை. ரோஸ் நிறத் தோல், சோளநார் மாதிரி முடி, நீலக் கண். இடுப்பு என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும்.

"பாருடி, இன்னா கலரு, இன்னா இடுப்பு! நீயும் தோசைய கம்மி பண்ணி இந்த பொம்ம மாதிரி ஆயிட்டீன்னா, என் வூட்டு மருமவ நீதான்" என்றாள் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கறுப்பு, கொஞ்சம் குண்டு. அத்தை மகனும் கறுப்புதான், என்னைவிட ஜாஸ்தி. அவனை யாரும் அவனுடைய ஜீப் மாதிரி ஆகச் சொல்லவில்லை.

அத்தை விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் கடலை மாவும் பாலாடையும் குழைத்து, எரிய எரிய என் முகத்தில் தேய்த்தாள். என் தட்டில் தோசை குறைந்தது, தம்பியின் தட்டில் ஏறியது. பொம்மையோ அழுக்காகிவிடும் என்று பாலிதீன் கவரோடு ஷோகேஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் நேர் எதிரே அதன் முகம்தான். எனக்குப் பசி அடங்காது. அதை வெறுத்தேன்.

மார்கழித் திருவாதிரை முடிந்ததும் அப்பா கோயிலிலிருந்து தீப மை கொண்டுவந்தார். மலைமேல் எரிந்த தீபக் கொப்பரையின் மை. எங்கள் ஊரில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். பொங்கல் சமயத்தில் ஒருநாள், சாமி அலமாரியிலிருந்து அதை எடுத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்தேன். பொம்மையைக் கவரிலிருந்து உரித்து முகம், கை, கால், முடி எல்லாவற்றுக்கும் பூசினேன். அப்பாவின் பழைய சாக்ஸை வயிற்றில் சுற்றி, மேலே கவுனை இழுத்துவிட்டேன். நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. அப்போதுதான் அது எங்கள் வீட்டுப் பெண்ணாகத் தெரிந்தது. காயட்டும் என்று பின்பக்கத் துவைக்கிற கல்லில் உட்கார வைத்துவிட்டு விளையாடப் போனேன்.

திரும்பி வந்தபோது பின்பக்கம் ஒரே கூட்டம். பொங்கலுக்கு வந்திருந்த அத்தை கால் கழுவப் போன இடத்தில் அதைப் பார்த்திருக்கிறாள்.

"செய்வின வெச்சிட்டாளுங்கடா தம்பி! புது வூட்டப் பாத்து எவளுக்கோ வயிறு எரியுது!" என்று அப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கொண்டுவந்துவிட்டார்கள். தொட யாருக்கும் தைரியமில்லை. கொளுத்திவிடுவது என்று முடிவாகி, அத்தையே மண்ணெண்ணெய் கேனைத் தூக்கி எட்ட நின்று ஊற்றினாள்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிப் பொம்மையைப் பிடுங்கினேன். மண்ணெண்ணெய் என் பாவாடையெல்லாம் சொட்டியது.

"இது செய்வின இல்ல. இது நான்! என்ன மாதிரி இருக்கட்டும்னு நாந்தான் கறுப்பாக்கினேன்."

"பேய் மாதிரி பண்ணி வெச்சிருக்கியேடி! பாத்தா பயமா இல்ல?" என்றாள் அத்தை.

"அப்ப என்னப் பாத்தாலும் உங்களுக்கு பயமா, அத்த?"

அம்மா குனிந்து பொம்மையின் கன்னத்தைத் தொட்டு, விரலைப் பார்த்தாள். "அண்ணி, இது தீப மை" என்றாள். அத்தையின் கை தானாகத் தன் நெற்றிக்குப் போனது. அன்று காலையில் அவளும் அதே மையைத்தான் இட்டிருந்தாள்.

மறுநாள் அம்மா அந்தக் கடலை மாவில் பஜ்ஜி போட்டாள். வயிறு முட்டத் தின்றேன். பொம்மை அதே கறுப்போடு, கவர் இல்லாமல், ஷோகேஸுக்குத் திரும்பியது. வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். நான் அதை எடுக்கவிடவில்லை.

நான் படித்து முடித்து, ரெண்டாயிரத்துக்குப் பிறகு அரசு வேலையும் கிடைத்ததும், ஒருநாள் அத்தை பூவும் பழமுமாக வந்து நின்றாள்.

"கலரு கெடக்குது வுடு. வேலையில இருக்கிற பொண்ணு. நம்ம பையனுக்கே முடிச்சிடலாம்" என்றாள் அப்பாவிடம். என்னைக் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நான் ஷோகேஸைத் திறந்து பொம்மையை எடுத்து அத்தையின் மடியில் வைத்தேன்.

"இந்த பொம்ம மாதிரி ஆயிட்டா உங்க வூட்டு மருமவ நான்தான்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்குதா? நல்லா பாருங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருக்கோம்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, அத இன்னும் வெச்சிருக்கியா? இன்னாடி சொல்ற, சம்மதமா?"

"இது நான்னு அன்னைக்கே சொன்னேன், அத்த. என் மேல மண்ணெண்ண ஊத்தினவங்க வூட்டுக்கு நான் வரமாட்டேன்."