மொட்டை நாற்று

விதைக் கிடங்கில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல் நீண்டிருந்ததால் வந்த பெயரில்லை. விதை காய்ந்ததா என்று ஒன்றைக் கடித்தே சொல்லிவிடுவாள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, பல் பதிந்தால் ஈரம். விதைகளைப் பல வருடம் கெடாமல் வைக்கும் திரவ நைட்ரஜன் தொட்டியில் ஈரத்தோடு இறக்கினால், அந்தக் கொடுங்குளிரில் உள்ளிருக்கும் நீர் பனியாகி விதையின் உயிரைக் கிழித்துவிடும். ஈரம் பார்க்க மெஷினும் உண்டு. ஆனால் ஒரு பிடி விதையை அரைத்துத் தின்ற பிறகுதான் அது வாய் திறக்கும்.

விவசாயி ஒருவர் கொண்டுவந்த புள்ளி அவரையில் இருந்ததே அறுபது விதை. மெஷினுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அன்று பார்த்துக் கடைவாய்ப்பல் பிடுங்கி, கன்னம் பூசணிக்காயாய் வீங்கிக் கிடந்தது. விரலால் உருட்டிப் பார்த்தாள். காய்ந்தது போதும் என்று தொட்டியில் இறக்கிவிட்டாள். வேறொருவரைக் கடிக்கச் சொல்லியிருக்கலாம். வீம்பு, வேறென்ன?

ஏழு வருடம் கழித்து வெள்ளம் வந்து அவர் நிலத்து அவரையைப் பூண்டோடு கொண்டுபோனது. கிடங்கு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நான் குடுத்ததுல பாதி குடும்மா. வேற எங்கயும் இல்ல."

"முளைக்கவச்சுப் பாத்துட்டுத் தரேண்ணே."

பத்து விதையை ஈரத்தாளில் சுற்றி வைத்தாள். பத்தும் அழுகி நாறின. மீதி அத்தனையும் ஒரு தட்டில் ஈரத்தாள் விரித்து வைத்தாள். பதினொன்று வேர் விட்டது. விதையிலை இரண்டும் விரிந்தன. நடுவில் கொழுந்து இருக்கவேண்டிய இடம் வழித்துவிட்டாற்போல் மொட்டை.

கிடங்கு அதிகாரி எட்டிப் பார்த்தார். "வேர் வந்தா முளைச்ச கணக்குதான். பதினொண்ணுன்னு எழுது."

"கணக்கு வளரும் சார். அவரை வளராது."

மறுவாரம் விவசாயி வந்து தட்டின் முன் குந்தினார். "பச்சையாத்தானே இருக்கு?"

"கொழுந்து வராதுண்ணே."

"தொட்டி கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்று தலையாட்டும்படி அதிகாரி பின்னாலிருந்து கண் காட்டினார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"தொட்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியா காயுறதுக்கு முன்னாடி வச்சுட்டேன்."

அவர் எழுந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே இன்னும் நாலு நாள் காயவச்சுக் குடுத்திருப்பேனே."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் அந்தத் தட்டுக்கு அவள் தண்ணீர் தெளித்தாள். ஒவ்வொன்றாக இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அந்த அவரை அதோடு சரி.