சுவரோரக் குவியல்

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் கண்ணாடி என்று பெயர். அவர் கண்ணாடி போடுகிற ஆள் இல்லை. ஐம்பத்தைந்து வயதிலும் மருந்து அட்டையின் பொடி எழுத்தை அப்படியே படிப்பார். அவர் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம் என்று எப்போதோ ஒரு நர்ஸ் சொல்லப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. துப்புரவுப் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வை. கீழே முப்பது பேர் இருந்தும், ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவை மட்டும் யாரிடமும் விடமாட்டார்.

வீட்டிலும் அதே பாடுதான். இருக்கிறது நாங்கள் ரெண்டே பேர். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். அப்படியும் சமையலறையைக் கழுவிவிட்டால் "தரை ஈரம், கவனம்" என்று எழுதிய மஞ்சள் பலகையை நடுவில் விரித்து வைத்துவிட்டுத்தான் போவார். யாருக்கு இந்தக் கவனம் என்று கேட்டால், "விழுந்து எழுந்தப்புறம் கேளு, சொல்றேன்" என்பார். இந்த மனிதரோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். கெட்டவர் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். அதையும் சேர்த்துத்தான் இனிச் சொல்லப் போவதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு நாவல் மரம். நாங்கள் குடிவந்தபோதே பெரிய மரம். மண் தரையாக இருந்த பின்கட்டை இவர்தான் சுவருக்குச் சுவர் சிமெண்ட் போட்டு மூடினார். மரத்தடியைச் சுற்றி ஒரு முழம் மண் மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்தார். வருஷத்தில் பத்து மாதம் அந்த மரத்தால் எனக்கு நிழல். மீதி ரெண்டு மாதம் இவருக்கு ஏழரை. பழம் சும்மா விழுவதில்லை. விழுந்து நசுங்கி, வெயிலில் புளித்து, ஈயைக் கூட்டி, மிதித்த செருப்போடு வீட்டுக்குள்ளேயும் வந்துவிடும். அந்த ஊதாக் கறை சோப்புக்கும் பயப்படாது, பிளீச்சிங் பவுடருக்கும் பயப்படாது. வெட்டிவிடலாம் என்பார். சமையலறை வெந்துபோகும், நீங்களே வந்து சமையுங்கள் என்பேன். பேச்சு அதோடு முடியும்.

போன வருஷம் வரைக்கும் தினம் ரெண்டு வாளிப் பழத்தைக் குப்பை வண்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் வண்டிக்காரர் கையை விரித்துவிட்டார்.

"பழத்தை ஏத்த முடியாதுங்க. போற வழியெல்லாம் ஒழுகுது. தெருவே ஊதாவா இருக்குன்னு என்னையப் போட்டுத் திட்டுறாங்க. உங்க இடத்துலயே ஒரு குழி வெட்டிப் போட்டு மூடிடுங்க."

குழி வெட்ட எங்களிடம் மண் ஏது? இவரே போட்ட சிமெண்டை இவரே உடைக்க வேண்டும். அதற்கு இவருக்கு மனசு வரவில்லை.

நாலாம் நாள் காலையில்தான் நான் பார்த்தேன். ஐந்தேகால் இருக்கும். ஆறு மணி ஷிப்டுக்கு யூனிபார்ம் மாட்டித் தயாராக நின்றவர், பெருக்கி அள்ளிய வாளியைத் தூக்கி, மார்பளவுச் சுவருக்கு மேலே சாய்த்து, பக்கத்து வீட்டு மூலையில் சத்தமில்லாமல் சரித்துக்கொண்டிருந்தார். அந்த நிதானத்தைப் பார்த்ததும் இது முதல் தடவை இல்லை என்று புரிந்துவிட்டது.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டுப் போனார். "பாதிக் கிளை அவங்க பக்கம்தானே இருக்கு. எப்படியும் அங்க விழறதுதான். அவங்களுக்கு மண் தரை, ரெண்டு நாள்ல மக்கிப் போயிடும்."

"யாராவது பார்த்துடப் போறாங்க."

இதுதான் நான் சொன்னது. செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. யாரும் பார்க்காமல் செய்யுங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். எனக்கும் பின்கட்டு சுத்தமாக இருந்தது, துணி காயப்போட வசதியாக இருந்தது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் எக்ஸ்சேஞ்ச் அக்கா. அறுபத்தெட்டு வயது, தனி ஆள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நம்பர் சொல்லிக் கேட்கத் தேவையில்லை, கடைப் பெயரைச் சொன்னால் போதும், லைன் போட்டுவிடுவாராம். எக்ஸ்சேஞ்சை மூடி எத்தனையோ வருஷமாகியும், மூடிப்போன கடைகளின் நம்பரெல்லாம் அவர் வாயில் இன்னும் இருந்தது. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதைச் சொன்னது சொன்னபடி ஒப்பிப்பார். என் கல்யாண நாளை நான் மறந்த வருஷம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஞாபகப்படுத்தியது அவர்தான். "என்கிட்ட வேற என்ன இருக்கு, இது ஒண்ணுதான் சொத்து" என்று நெற்றியைத் தட்டிக்கொள்வார்.

தினம் சாயங்காலம் தன் பக்கம் விழுகிற பழத்தைப் பெருக்கி, அள்ளி, தன் வீட்டுக் குழியில் போட்டுவிடுவார். எங்கள் மரம், எங்கள் பழம் என்று ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது.

பத்து நாள் போயிருக்கும். துணி உலர்த்தப் போனவளை அக்கா சுவரோரம் கூப்பிட்டார்.

"நேத்து பெருக்கிக் குவிச்சிட்டு அள்ளாம விட்டுட்டேன் போலிருக்கு. காலையில பார்த்தா மூலையில அழகா குவிஞ்சு கிடக்கு. கொஞ்ச நாளாவே இப்படித்தான்."

வாளியோடு கொட்டியதால் அது குவியலாகவே விழுந்திருக்கிறது. சிதறிக் கிடந்திருந்தால் காற்று என்று நினைத்திருப்பார். குவியலாக இருந்ததால் தான் பெருக்கிக் குவித்தது என்று நினைத்துவிட்டார். எங்கள் மேல் சந்தேகமே வரவில்லை. தெருவில் காகிதம் கிடந்தாலும் குனிந்து எடுக்கிற மனிதர் சுவருக்கு மேலே குப்பை கொட்டுவார் என்று யாருக்குத்தான் தோன்றும்?

"அப்படியாக்கா" என்று சிரித்து மழுப்பினேன். அன்று ராத்திரி சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். இவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாளும் வாளி சுவர் ஏறியது.

அடுத்த சனிக்கிழமை அக்காவின் மகன் எங்கள் வாசலில் வந்து நின்றான். தூரத்து நகரத்தில் வேலை பார்ப்பவன். உட்காரச் சொன்னோம், நின்றபடியே பேசினான்.

"அம்மா உங்ககிட்ட பேசும்போது எதாவது வித்தியாசம் தெரியுதா? சொன்னதையே சொல்றது, வச்ச இடம் மறக்கறது, அந்த மாதிரி?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"போன்ல அழறாங்க. பண்ண வேலையைப் பாதியில மறந்துடறேன்டா, எனக்கு மூளை கலங்குதுடாங்கறாங்க. கேஸ் அடுப்பையும் இப்படித் திறந்து விட்டுட்டா என்ன ஆகும்? திங்கட்கிழமை உங்க ஆஸ்பத்திரியிலதான் ஞாபக சக்தி டெஸ்ட். ரிசல்ட் எப்படி வந்தாலும் என்னோட கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்னு இத்தனை நாள் பிடிவாதமா இருந்தவங்க, இப்போ சரிங்கறாங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "காபி சாப்பிடுறியாப்பா?" என்றுதான் என் வாயில் வந்தது.

அவன் போனதும் இவர், "நாளையிலேர்ந்து கொட்டல" என்றார். அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நாங்கள் ரெண்டு பேருமே நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பழத்தைக் கோணியில் கட்டிக் குளியலறைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

அன்று காலையில் நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அக்கா சுவரோரம் வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"இன்னைக்கு குவியலைக் காணோம்மா."

"நல்லதுதானேக்கா."

"என்ன நல்லது? நேத்து அள்ளிப் போட்டிருக்கேன். ஆனா அள்ளின ஞாபகம் நேத்தோடதா, என்னைக்கோ உள்ளதான்னு தெரியல. இதுவரைக்கும் செய்யாததை மறந்தேன். இப்போ செஞ்சதையே மறக்கறேன்."

சொல்லிவிட்டு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்க்கா. மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

இதை எழுதும்போது எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. நெஞ்சறிந்து ஒரு பொய்யை, ஆறுதல் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

திங்கட்கிழமை நடந்ததை இவர் சொல்லித்தான் கேட்டேன். மூளை நரம்பு டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அக்காவும் மகனும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வராந்தாவைத் துடைக்க வேண்டிய பையன் வரவில்லை. இவரே மாப்போடு போயிருக்கிறார். அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கி, இவர் துடைப்பதற்காகக் காலை மேலே எடுத்துக்கொண்டாராம். துடைத்துவிட்டு, பழக்கம் பாருங்கள், மஞ்சள் பலகையை அவர் முன்னால் விரித்து, "பார்த்து எழுந்திருங்கக்கா, வழுக்கும்" என்றிருக்கிறார்.

"நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்லுவாங்களாம். தொண்ணூத்து மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒன்பது. சரியா சொல்றேனா?" என்று இவரிடமே கேட்டாராம் அக்கா.

இவர் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த ஈரத் தரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்களாம்.

"அக்கா, நீங்க எதையும் மறக்கல. அந்தக் குவியல் உங்களோடது இல்ல. நான்தான் காலையில சுவருக்கு மேலே கொட்டினேன். நேத்து கொட்டல. அதான் குவியல் இல்ல."

மகன் எழுந்துவிட்டான். "தெரிஞ்சுதான் அன்னைக்கு என் முன்னாடி வாயை மூடிட்டு நின்னீங்களா? எங்கம்மா எத்தனை நாளா தூங்கலன்னு தெரியுமா உங்களுக்கு?" அவன் குரல் கேட்டு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். கண்ணாடி தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர் பார்த்தார்கள்.

அக்கா கையைக் காட்டி மகனை உட்கார வைத்திருக்கிறார். "எத்தனை நாள் கொட்டினீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"பதினேழு நாள்க்கா."

அக்கா கைப்பையைத் திறந்து, காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாளை எடுத்தாராம். டாக்டரிடம் காட்டுவதற்காக, குவியல் கிடந்த நாளெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு கோடாக விரல் வைத்து எண்ணினார். பதினேழு கோடு இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றாராம். பிறகு மகனிடம், "வந்தது வந்தோம், டாக்டரையும் பார்த்துட்டே போயிடலாம்" என்று எழுந்து, ஈரத் தரையைப் பார்த்து நடந்து உள்ளே போனாராம். டெஸ்டில் முப்பதுக்கு இருபத்தொன்பது வாங்கினார் என்று பிற்பாடு தெரிந்தது. மகன் மறுநாள் தனியாகத்தான் ஊருக்குப் போனான். எங்கள் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை மாலையே இவர் ஷூவோடு பின்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். தரையில் ஷூத் தடம். இவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"உன்னைப் பத்தி சொல்லல. எனக்கு மட்டும்தான் தெரியும்னு சொல்லிட்டேன்" என்றார்.

எனக்கு நெஞ்சு கனத்திருக்க வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது.

லீவு நாளில் இவர் சுத்தியலும் கடப்பாரையும் வாங்கிவந்து மரத்தடிச் சிமெண்டை உடைக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டு அக்கா சுவரோரம் வந்து நின்றார். நான் கல்லை அள்ளி ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஒரு அடி ஆழம் போகணும். இல்லன்னா மழைக்கு எல்லாம் மேல வந்துடும்" என்றார் இவரிடம், எதுவும் நடக்காத மாதிரி. இவர் தலையாட்டிவிட்டு, முகம் கழுவ உள்ளே போனார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியும், இல்ல?"

இவர் சொன்ன பொய் எனக்காகத் தயாராக இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அந்த ஒரு தடவை எனக்கு மனசு வரவில்லை.

"தெரியும்க்கா."

"எத்தனாவது நாள்லேர்ந்து?"

"நாலாவது நாள்லேர்ந்து."

அக்கா குரலில் கோபம் இல்லை. லைன் போடுகிறவர் நம்பரைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிற மாதிரி நிதானமாகப் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஏழே முக்கால் இருக்கும். நீ பச்சை வாளியில துணி அலசிட்டு இருந்தே. 'வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்க்கா. மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க'ன்னு சொன்னே. எதாவது வார்த்தை மாறியிருக்கா?"

"மாறலக்கா" என்றேன்.