உப்பில்லாத கூழ்

குருநகரில் யாரும் பனங்கிழங்கு மாவும் மீனும் நண்டும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சலாம். ஆனால் மரியரட்ணத்தின் கூழைக் குடித்தவனுக்கு வேறு கூழ் வாயில் இறங்காது, அவ்வளவுதான். மனைவி மக்டலீன் கண்ணை மூடிய பிறகும், ஞாயிறு பூசை முடிந்தால் அவர் முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஓலையில் மடித்த பிளாவும் கையுமாகக் குந்தியிருப்பார்கள். பிள்ளைகுட்டி இல்லாத மனுசனுக்கு அந்தக் காலைதான் குடும்பம்.

போன மாரியில் ஒரு காய்ச்சல் வந்து நாலு நாளில் போனது. மூன்று மாதம் கழித்து வள்ளத்தைத் தள்ளும்போது மூச்சு முட்டியது, கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் ஸ்கான் பார்த்த இளம் டொக்டர் பொறுமையாகச் சொன்னார்.

“ஐயா, குடலாலை உள்ளுக்குப் போற வைரசுகள் கொஞ்சம் இருக்கு. காய்ச்சல் மாறினாலும் சில பேருக்கு அதின்ரை மிச்சம் இதயத் தசையிலை தங்கியிடும். உங்களுக்கும் அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன். இனி வலை இழுக்கக் கூடாது. உப்பை நல்லாக் குறைக்கோணும். பயப்பிடாதேங்கோ, இவ்வளவு மாதத்துக்குப் பிறகு உது மற்றாக்களுக்குத் தொத்தாது.”

மரியரட்ணத்துக்கு எதையும் நீட்டி முழக்கித்தான் சொல்ல வரும். கோயில் வாசலில் நின்று, “கிருமி போகேல்லையாம். நெஞ்சுக்குள்ளை குடியிருக்குதாம்!” என்று ஏதோ பெரிய சுறா பிடித்தவர் மாதிரித் தொடங்கினார். தொத்தாது என்ற இடத்துக்கு அவர் வருமுன்னே, நின்றவர்கள் ஆளுக்கொரு அலுவல் சொல்லிக் கழன்றுவிட்டார்கள். கொரோனாவில் வெந்த சனம், வேறென்ன செய்யும்? அடுத்த ஞாயிறு முற்றத்தில் மூன்று பேர். அதற்கடுத்த ஞாயிறு ஒருவருமில்லை. வீடு வீடாகப் போய் விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் வரவில்லை.

மக்டலீனின் தம்பி றெஜி மட்டும் வந்தான். இருபது வருடம் அவருடன் ஒரே வள்ளத்தில் போனவன்.

“அத்தான், இருந்து குடிக்க நேரமில்லை. வாளியிலை தாங்கோ, வீட்டை கொண்டுபோறன்.”

“கொண்டு போ, கொண்டு போ. நண்டு நல்ல சதை. பிள்ளையளுக்கும் குடு.”

தன் வாயில் வைக்கக் கூடாத கூழுக்கு ஞாயிறுதோறும் அவர் உப்பு அளந்து போட்டார். பின்னேரம் வாளி கழுவித் திரும்பி வரும். “உப்பு எப்பிடி?” என்பார். “திறம் அத்தான்” என்பான் அவன். பாவம், அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆறு நாளை ஓட்டினார் மனுசன்.

ஒரு ஞாயிறு கூழ் கொதிக்கையில் இளைப்பு வந்து குந்திவிட்டார். றெஜி வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் கண்டார்: அளந்து வைத்த உப்பு அப்படியே சிரட்டையில் கிடந்தது. ஐயோ! இவ்வளவு காலத்தில் இப்படியொரு பிழை விட்டதில்லை. மன்னிப்புக் கேட்பதற்காகப் பின்னேரம் வரை வாசல் படலையடியிலேயே நின்றார்.

றெஜி வாளியை நீட்டினான்.

“உப்பு எப்பிடியடா?” என்றார், தயங்கித் தயங்கி.

“அளவெண்டால் அளவு, அத்தான். பிள்ளையள் சண்டை பிடிச்சுக் குடிச்சதுகள்.”

மரியரட்ணம் அவன் முகத்தைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். அளந்த உப்பு இன்னும் அடுப்படிச் சிரட்டையில்தான் கிடந்தது.

“அப்ப சரி,” என்றார். “வாற ஞாயிறும் வா.”

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். அவர் வாளியை நிரப்பிக் கொடுத்தார். அவன் மதில் மூலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்து, பானையில் மிச்சமிருந்ததைத் தனக்கு ஒரு பிளா வார்த்துக் குடித்தார். அன்று அவர் உப்பே போட்டிருக்கவில்லை.