எசனிலிருந்து வந்த சமையலறை

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வால்டோர்ஃப் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சமையலறை வாங்கிவரப் போகிறேன். சமையலறைக்கு வேண்டிய சாமான்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சமையலறையையேதான்.

ஜெர்மனிக்கு வராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே வாடகை வீடு காலி செய்பவர்கள் சமையலறையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மேடை, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு எல்லாம் போகும். கூரையிலிருந்து விளக்குகூடப் போய்விடும், ஒயர் மட்டும் தொங்கும். எட்டு மாதம் அலைந்து கிடைத்த வீட்டின் சாவியை வாங்கி முதல்முறை உள்ளே போனபோது, திருடன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன். சமையலறை என்று சொல்லப்பட்ட இடத்தில் சுவரிலிருந்து ஒரு குழாயும் ஒரு தடித்த மின்கம்பியும் நீட்டிக்கொண்டிருந்தன. என் கையில் பால் காய்ச்சுவதற்காக வாங்கிவந்த ஒரு லிட்டர் பால். அடுப்பில்லாத வீட்டில் பாலை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

அன்று அதைக் குளிர்ந்தபடியே குடித்துவிட்டு அழுதேன். பாலுக்காக அழவில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரி. இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வந்து பதினொரு மாதம் ஆகிறது. கணவர் செந்தில் கோவையில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுக்கிறார். மகள் யாழினிக்கு ஏழு வயது. நான் முன்னால் வந்து வீடு பிடிப்பது, பிறகு அவர்கள் வருவது என்பதுதான் பேச்சு. வீடு கிடைக்கும்வரை அந்தப் பேச்சு நன்றாகத்தான் போனது. கிடைத்த பிறகு செந்திலிடமிருந்து வருகிற ஒரே பதில், "பாக்கலாம்." வேலையை விட வேண்டும், ஜெர்மன் படிக்க வேண்டும், இங்கே வந்து என்ன செய்வது என்கிற பயம் அவருக்கு. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இந்த மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்தால்தான் யாழினி செப்டம்பரில் இங்கே பள்ளிக்கூடம் போக முடியும். விட்டால் இன்னொரு வருடம். இன்னொரு வருடம் என்னால் முடியாது.

முந்தின நாள் போனில் அவர் சொன்னது இது: "நாளைக்கு அடுப்பு மாட்டிட்டா, நல்ல நேரம் பாக்காம நீயே பாலைக் காய்ச்சிரு. நாங்க வீடியோல பாத்துக்கறோம்."

வீடியோவில் பார்த்துக்கொள்கிறார்களாம். போனை வைத்த பிறகும் அந்தச் சொல் மனதை விட்டு அகலவில்லை.

மன்ஹைமில் வண்டி மாறினேன். வேகமான ரயில்களை விட்டுவிட்டு, ரைன் ஆற்றை ஒட்டிப் போகிற மெதுவான ரயிலில் டிக்கெட் எடுத்திருந்தேன். விலை பாதி. வலப்பக்க ஜன்னலில் ஆறு கூடவே வரும். சரிவுகளில் திராட்சைக் கொடிகள், உச்சியில் பழைய கோட்டைகள், தண்ணீரில் நிலக்கரி ஏற்றிய நீண்ட படகுகள். யாழினி பக்கத்தில் இருந்திருந்தால் கோட்டைகளை எண்ணிக்கொண்டே வந்திருப்பாள், இடையிடையே பசிக்கிறது என்றிருப்பாள். நான் எண்ணவில்லை. யாருக்குச் சொல்ல?

கொலோனில் இரண்டு பெண்கள் தமிழ் பேசிக்கொண்டே ஏறினார்கள். யாழ்ப்பாணத் தமிழ். எனக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய கல்யாண மண்டபத்தைக் கழுவிக் காயப்போட்டார்கள். பதினொரு மாதத்தில் ஒரு ரயிலில் எனக்குப் பின்னால் தமிழில் வம்பு பேசிக் கேட்டது அன்றுதான். திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் எசன். சமையலறையை விற்பவர்கள் வசந்தி அக்காவும் அவர் கணவரும். வாட்ஸ்அப் குழு ஒன்றில் படம் போட்டிருந்தார்கள்: வெள்ளை அலமாரிகள், மரநிற மேடை, அடுப்பு, தொட்டி, எல்லாம் சேர்த்து முந்நூறு யூரோ. இருவரும் அடுத்த மாதம் ஆஸ்திரேலியா போகிறார்கள், மெல்பேர்னில் இருக்கும் மகளோடு இருக்க. முப்பது வருடம் வாழ்ந்த ஊரை விட்டு இன்னொரு தடவை குடிபெயர்கிறார்கள்.

கதவைத் திறந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கோ தங்கச்சி, உள்ளுக்கை வாங்கோ. குசினி முழுக்கக் கழட்டியாச்சு, இருக்கத்தான் இடமில்லை."

குசினி என்றால் சமையலறை. அது வீட்டு நடை முழுக்கச் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. அக்கா வரவேற்பறைத் தரையில் ஒரு சின்ன மின் அடுப்பை வைத்துப் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அவர் கணவரை எல்லாரும் மூர்த்தி அண்ணை என்கிறார்கள். எலெக்ட்ரீசியன். வாடகைக்கு எடுத்த வேனை அவரே வால்டோர்ஃப் வரை ஓட்டி, சமையலறையைப் பொருத்தியும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். டீசல் மட்டும் என் செலவு.

"இண்டைக்கே முடிக்கோணும்," என்றார் அண்ணை, ஸ்க்ரூக்களை ஒரு தயிர் டப்பாவில் போட்டுக்கொண்டே. "நாளைக்கு ஞாயிறு, சத்தம் போடேலாது. ஞாயிற்றுக்கிழமை ட்ரில் பிடிச்சால் பக்கத்து வீட்டுக்காரன் பொலிசைக் கூப்பிடுவான்."

அடுப்பு தனியாகச் சன்னல் பக்கம் இருந்தது. மேல்தளம் கறுப்புக் கண்ணாடி, நான்கு வட்டங்கள். ஒரு வட்டத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு தீய்ந்த வளையம். நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டார்.

"அது போகாது தங்கச்சி. எத்தனை மருந்து போட்டுத் தேய்ச்சும் போகேல்லை. வீடு குடிபூந்த அண்டைக்குப் பால் பொங்கி ஊத்தினது. ஊரிலை எண்டால் பொங்கி வழியோணும் எண்டு பாத்துக்கொண்டு நிப்பம். இஞ்சை கண்ணாடியிலை ஊத்தினால் எரிஞ்சு பிடிச்சுப்போம் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அதைப் படத்திலை காட்டாமல் வித்தவ," என்றார் அண்ணை.

"நீங்கள் சும்மா இருங்கோ. அந்தப் பிள்ளை அதுக்காக விலை குறைக்கிற ஆளில்லை."

நான் சிரித்தேன். "எங்க வீட்டுலயும் பால் காய்ச்சணும்க்கா. அவங்க ரெண்டு பேரும் ஊர்ல இருக்காங்க, வீடியோல பாக்குறாங்களாம்."

அக்கா புட்டுக் குழலை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தனியாவோ காய்ச்சப்போறீங்கள்?" என்றார். பிறகு அண்ணையைத் தலையால் காட்டினார். "இவர் வந்து ஏழு வருசத்துக்குப் பிறகுதான் நான் வந்தனான். முதல் அகதி முகாம், பிறகு ஒரு அறை, பிறகு இன்னொரு அறை. ஒரு இடத்திலையும் இவர் பால் காய்ச்சேல்லை. தனிச்சுக் காய்ச்சினால் அப்பிடியே தனிச்சுப் போயிடுவன் எண்டு பயந்தவராம்."

"ஆர் சொன்னது? எனக்குப் பால் வாங்கக் காசில்லை," என்றார் அண்ணை.

அக்கா சிரித்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன் என்று தெரியும், ருசி நினைவில்லை.

வேனில் எல்லாவற்றையும் ஏற்றி முடிய பதினொன்று ஆகிவிட்டது. கடைசியாக அடுப்பைத் தூக்கும்போது அக்கா ஓடிவந்து ஒரு ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தார். விற்றுவிட்ட பொருளை யாராவது துடைப்பார்களா? "மகள் வீட்டிலை எல்லாம் புதுசு, தங்கச்சி," என்றார். "மெஷின் தானாக் கழுவுது, தானாச் சமைக்குது. எனக்கெண்டு ஒரு சட்டி அங்கை இல்லை." வேன் திரும்பும்வரை துணியோடு வாசலிலேயே நின்றார்.

எசனிலிருந்து வால்டோர்ஃப் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அறுபத்தொன்றாம் நெடுஞ்சாலையில் பெரும்பகுதி. வேன் நூறைத் தாண்டினால் பின்னால் தொட்டி கடகடவென்றது, அதனால் அண்ணை நூறைத் தாண்டவில்லை. நடுவில் ஒரு இளைப்பாறும் இடத்தில் நிறுத்தினோம். கழிப்பறைக்கு ஒரு யூரோ. கோவையில் அந்தக் காசுக்கு நாலு பேர் காப்பி குடிக்கலாம் என்றேன். "இன்னும் மாத்திக் கணக்குப் பாக்கிறீங்களோ? அப்ப நீங்கள் இன்னும் வந்து சேரேல்லை," என்றார் அண்ணை.

அது உண்மைதான். என் கைக்கடிகாரத்தில் ஜெர்மனி நேரம் ஓடினாலும் மனதுக்குள் மூன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். இப்போது யாழினி பள்ளியிலிருந்து வந்திருப்பாள், இப்போது பால் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பாள், இப்போது தூங்கியிருப்பாள். அலுவலகத்தில் என்னை அமைதியானவள் என்கிறார்கள். நான் அமைதியானவள் இல்லை, பாதி நேரம் அங்கே இல்லாதவள்.

"அண்ணா, அக்கா வர்றவரைக்கும் ஏழு வருசம் எப்படி இருந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் சாலையைப் பார்த்தபடியே, "இருந்தனான்," என்றார். "இப்ப நினைச்சால் ஏலாது."

மூன்றரை மணிக்கு வீடு. மாடிக்குத் தூக்கியதைப் பற்றி எழுதினால் இப்போதும் இடுப்பு வலிக்கும். பிறகுதான் அசல் சிக்கல். அக்கா வீட்டில் குழாய் இடப்பக்கம், என் வீட்டில் வலப்பக்கம். படத்தில் அளவெல்லாம் பார்த்துச் சரி என்றவள் இதைப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்க வேண்டியிருந்தது. அப்படி அடுக்கியதில் ஒரு குட்டையான அலமாரிக்கு இடமில்லாமல் போனது. அண்ணை அதைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார்.

"சன்னலுக்குக் கீழை வைக்கட்டோ? சும்மா ஒரு மேடை மாதிரி இருக்கும்."

எனக்கு அப்போது கோவை வீட்டுச் சமையலறை கண்ணில் வந்தது. நான் சமைக்கும்போது யாழினி கல்மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். கீழே இறங்கு என்று நாளுக்கு நாலு தடவை கத்துவேன். இப்போது அவளைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருந்தது.

"அதுல குழந்தை உக்காந்தா தாங்குமாண்ணா?"

அவர் அலமாரியைத் தட்டிப் பார்த்தார். "இப்ப தாங்காது." வேனுக்குப் போய் இரண்டு கோண இரும்புகளும் ஒரு பலகைத் துண்டும் கொண்டுவந்தார். ட்ரில் சத்தம் அடங்கியதும் அவரே அதில் ஏறி உட்கார்ந்து காட்டினார். எண்பது கிலோ இருப்பார். "இனித் தாங்கும்."

ஆறு மணிக்கு அடுப்புக்கு மின்சாரம் வந்தது. வட்டம் சிவந்தது, அதைச் சுற்றி அக்காவின் பழுப்பு வளையம். பாத்திரத்தை எடுத்து வைத்தேன், பால் பெட்டியையும் எடுத்தேன். போனை மேடையில் நிறுத்தி அழைத்தேன். அங்கே ஒன்பதரை. யாழினி கண்ணைக் கசக்கிக்கொண்டு திரைக்குள் மூக்கை நுழைத்தாள். பின்னால் செந்தில்.

"என்ன, ஊத்திட்டியா?" என்றார்.

நான் பால் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். ஊற்ற வரவில்லை.

"நான் தனியா காய்ச்ச மாட்டேங்க," என்றேன். "நீங்க வர்றதா இல்லைன்னா இன்னிக்கே சொல்லிருங்க. 'பாக்கலாம்'னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு உங்களைத் தேடுது."

இப்படி நேராகச் சொன்னது பதினொரு மாதத்தில் அதுதான் முதல்முறை. அண்ணை ஸ்க்ரூ டப்பாவை எடுத்துக்கொண்டு நடைக்குப் போய்விட்டார். படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். உறையவில்லை, செந்தில்தான் அசையாமல் இருந்தார்.

"அம்மா," என்றாள் யாழினி, "நான் எங்க உக்காருவேன்?"

போனைத் திருப்பிச் சன்னலுக்குக் கீழே காட்டினேன். "இங்க கண்ணு. ஒரு மாமா உனக்காக ஆணியெல்லாம் அடிச்சிருக்காரு."

"அப்பா, எனக்கு இடம் இருக்கு பாரு! வெளிய மரம் தெரியுது!"

செந்தில் மகளை மடியில் இழுத்துக்கொண்டு திரையைக் கூர்ந்து பார்த்தார். மேடையை, தொட்டியை, அடுப்பை. கெமிஸ்ட்ரி வாத்தியார், சோதனைக்குழாயைப் பார்ப்பது போல அப்படித்தான் எதையும் பார்ப்பார்.

"அது கண்ணாடி அடுப்பா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப அடி தட்டையா இருந்தாத்தான் சூடு பிடிக்கும். நம்ம வாணலி ஒண்ணும் ஆகாது. அந்த இட்லிப் பானை ஆகும்னு நினைக்கறேன், அளந்து பாக்கணும்." நிறுத்தினார். "பெட்டியில அதை வெச்சா யாழி துணிக்கு இடம் பத்தாதே."

வீடு கிடைத்ததிலிருந்து அவர் இந்த வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"திங்கக்கிழமை காலேஜ்ல சொல்லிட்டு வந்து விசாவுக்குப் போட்டுர்றேன்," என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "அந்தப் பாலை எடுத்து உள்ள வை. நாங்க வந்து காய்ச்சிக்கலாம்."

போனை வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. அண்ணை தன் மின்கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து இரண்டு கோப்பைகளோடு வந்தார். அவருக்கு அன்றிரவு மன்ஹைமில் தம்பி வீட்டில் தங்கல், கிளம்புமுன் ஒரு தேநீர். அடுப்பில் காலிப் பாத்திரம், பக்கத்தில் பிரிக்காத பால் பெட்டி. அவர் இரண்டையும் பார்த்தார்.

"பால் விடட்டோ?" என்றார்.

"வேண்டாம்ணா."

"ஓம்," என்றார். சன்னலுக்குக் கீழே இருந்த மேடையில் உட்காரப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இருவரும் பால் விடாத தேநீர் குடித்தோம்.