அவர்களால் படிக்க முடியாத அட்டை

கொதித்து ஆறிய பாலின் மேல் படியும் ஆடையின் வாடை இன்றைக்கும் எனக்கு ஆகாது. வீட்டில் பால் காய்ச்சினால் உடனே வடிகட்டிவிடுவேன், ஆடை என்றால் என் கணவருக்கு உயிர் என்று தெரிந்தும். "ஒரு ஸ்பூன் ஆடைக்கு இந்த வீட்டில் தடையுத்தரவு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் புகார் சொல்வார். அதற்கான காரணத்தை நான் அவருக்கே பல வருடம் சொல்லவில்லை. ஜெர்மனியில் வளர்ந்தவள் என்றதும் எல்லாரும் பனியையும் சாக்லேட்டையும்தான் கேட்பார்கள்; கேட்டதைச் சொல்லி அனுப்பிவிடுவது எனக்கும் சுலபமாக இருந்தது. இனி அந்தச் சுலபம் எனக்கு வேண்டாம்.

அறுபதுகளின் பிற்பகுதியில் அப்பா சாயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வுப்பர்டால் என்ற ஊருக்குப் போனார். அம்மாவும் நானும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம். அப்போது எனக்கு ஏழு வயது. திருச்சியில் இரண்டாம் வகுப்பு முடித்திருந்ததால் தமிழ் எழுதத் தெரியும். அது மறந்துபோகக் கூடாது என்று அம்மா தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்வாள். ஆற்றுக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலும், செங்குத்தான தெருக்களும், கரிப்புகை படிந்த சுவர்களுமாக இருந்த அந்த ஊர் எனக்குப் பிடித்திருந்தது. அதை என் சொந்த ஊர் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். யாரும் அதைத் திருத்த வேண்டியதில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது பள்ளிக்கு வந்த டாக்டர் என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எங்கள் குடும்பத்தில் எல்லாருமே ஒல்லி. குண்டாக இருந்தவர் பெரியப்பா ஒருவர்தான், அவரும் மாப்பிள்ளையாக வந்தவர். டாக்டருக்கு இது தெரியுமா? ஒல்லிக் குழந்தைகளை உடம்பு தேற்றுவதற்காகக் கடலோர விடுதிகளுக்கு ஆறு வாரம் அனுப்புவது அங்கே வழக்கம். அதற்கு "கூர்" என்று பெயர். அப்பாவும் அம்மாவும் அதை ஏதோ பரிசு கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "அயல்நாட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கவலைப்படறான் பாரு" என்று நெகிழ்ந்துபோன அப்பா, சம்மதம் கேட்டு வந்த தாளில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். துணி ஒவ்வொன்றிலும் பெயர் தைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால், அம்மா காலுறை உட்பட எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் "தமயந்தி" என்று, அப்பா எழுதிக் காட்டியபடி, ஜெர்மன் எழுத்தில் தைத்தாள். பெட்டிக்குள் ஒரு டப்பா பருப்புப் பொடியும் வைத்தாள். அந்த டப்பாவை விடுதியில் முதல் நாளே பிடுங்கிக் குப்பையில் கொட்டினார்கள்.

வட கடலில் ஒரு தீவு. அங்கே செங்கல்லால் கட்டிய மூன்று மாடி வீட்டில் முப்பது குழந்தைகள் இருந்தோம். எங்களைப் பார்த்துக்கொண்ட பெண்களை "டான்டே" என்று கூப்பிட வேண்டும். டான்டே என்றால் அத்தை. அப்படிப்பட்ட அத்தை எந்தக் குழந்தைக்கும் வாய்க்க வேண்டாம். காலையில் பால் சூப், சாயங்காலமும் பால் சூப், அதன் மேல் தடியாக ஆடை. கிண்ணம் காலியாகாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. இரண்டாம் நாள் எனக்கு வாந்தி வந்துவிட்டது. வந்தது கிண்ணத்திலேயே விழுந்தது. எல்லா டான்டேகளுக்கும் தலைவியான பெரிய டான்டே என் பின்னால் வந்து நின்று, தோளை அழுத்தி, கரண்டியை என் கையில் கொடுத்தாள். அதையும் சேர்த்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. இதைப் படிக்க உங்களுக்குக் கூசுகிறது என்றால் கூசட்டும். எழுத எனக்கும் கூசுகிறது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பிர்கிட். என் வயதுதான், சோளத்தட்டை நிறத்தில் முடி. அவள் தன் சூப்பை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். எனக்கும் அப்படிச் செய்யக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு அட்டை எழுத வேண்டும். பெரிய டான்டே சொல்லச் சொல்ல எழுதி, அவளிடம் காட்டிய பிறகுதான் தபாலில் சேரும். என் அம்மாவுக்கு ஜெர்மன் படிக்கத் தெரியாது, எங்கள் மொழியில் எழுதினால்தான் புரியும் என்று நான் சொன்னேன். அது உண்மைதான். சரி, நான் சொல்வதை அப்படியே உன் மொழியில் எழுது என்றாள். வெயில் அடிக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, எடை கூடியிருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டே போக, நான் எழுதியது இது: "அம்மா, டான்டே சொல்வதை எழுதுவது போல் நடிக்கிறேன். இங்கே வாந்தி எடுத்தால் அதையும் சாப்பிட வைக்கிறார்கள். பேசினால் இருட்டு அறையில் நிற்க வைக்கிறார்கள். ஆறு வாரம் என்னால் முடியாது. உடனே வா. அப்பா வேண்டாம் என்றாலும் வா."

ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டாள். எங்கள் மொழியில் எல்லாமே நீளம் என்றேன். எழுத்தெல்லாம் பூப்பூவாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டு தபால்தலையை அவளே ஒட்டினாள். அதைப் பார்த்த பிர்கிட் என் காதோடு, எனக்கும் உன் எழுத்தில் ஒன்று எழுதிக் கொடு என்றாள். உன் அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாதே என்றேன். அவளுடைய மொழி அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததுதான் அவளுடைய கஷ்டம்.

அட்டை போய்ச் சேர்ந்த அன்று வீட்டில் நடந்ததை அம்மா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவின் உதவித்தொகையை நீட்டிப்பது பற்றிப் பேராசிரியர் முடிவெடுக்கவேண்டிய நேரம் அது. "கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு. நடுவுல போய்க் கூட்டிட்டு வந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றாராம் அப்பா. "என்ன வேணும்னாலும் நினைச்சுக்கட்டும். என் பொண்ணு வான்னு எழுதியிருக்கா" என்று அம்மா கோட்டை மாட்டிக்கொண்டாளாம். அதுவரை காய்கறிக் கடைக்கு அப்பால் தனியாகப் போனதில்லை. ஹம் என்ற ஊரில் வண்டி மாற வேண்டும், அப்புறம் படகு என்று வழியைத் தாளில் எழுதிக் கொடுக்கும் அளவுக்குத்தான் அப்பாவுக்குத் துணிச்சல் இருந்தது.

எனக்கோ செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழக்கிழமை அம்மா வரமாட்டாள் என்றே முடிவுகட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு, நீலப் புடவைக்கு மேல் அப்பாவின் மழைக்கோட்டும் ஈரத் தலையுமாக அம்மா நின்றாள். பெற்றோர் வர அனுமதி கிடையாது என்று பெரிய டான்டே ஓடி வந்தாள். அப்பா கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டுவந்து அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அம்மா அதைத் திரும்பியும் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து, பையிலிருந்து என் அட்டையை எடுத்தாள்.

"இதை இவங்களுக்குப் படிச்சுக் காட்டு. அவங்க பாஷையில. சத்தமா."

என்னால் முடியாது என்றேன். "எழுதத் தெரிஞ்சுதில்ல? படி" என்றாள். எழுந்து நின்று ஒவ்வொரு வரியாக ஜெர்மனில் சொன்னேன். கரண்டிச் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. முடித்ததும் பெரிய டான்டே, இந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்றாள். அப்போது பிர்கிட் எழுந்தாள். தமயந்தி சொல்வது உண்மை என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நாங்கள் படகேறிவிட்டோம். பிர்கிட் இன்னும் நான்கு வாரம் அங்கேயே இருந்தாள். அவளுக்கு அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுடைய ஊர்ப் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அப்பா பயந்த எதுவும் நடக்கவில்லை, உதவித்தொகையும் நீண்டது. அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பாதிதான் மன்னித்திருக்கிறேன். மீதிப் பாதியை அவர் காலமான பிறகும் அப்படியேதான் வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர் ஸ்வீடன், டென்மார்க் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் "உன் ஊரைக் காட்டு" என்றார். வுப்பர்டாலில் தொங்கும் ரயிலில் குழந்தை மாதிரி மூன்று தடவை போய்வந்தார். நாங்கள் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இப்போது ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் கடை இருக்கிறது. அம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலை கிடைக்காதா என்று ஏங்கிய அதே வாசலில் கறிவேப்பிலை பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. "நாங்கள் எண்பதுகளிலைதான் வந்தனாங்கள். அதுக்கு முந்தியே நீங்கள் இஞ்ச இருந்தனீங்களோ அக்கா?" என்று கடைக்காரர் வியந்துபோனார். "இருந்தோம், எங்கம்மா இருந்தாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். தீவைப் பற்றி அன்றைக்குத்தான் கணவரிடம் சொன்னேன். "பழசக் கிளறி என்ன ஆகப்போகுது தமா?" என்றார். "எனக்கு ஆகும்" என்றேன். அம்மா போன வழியிலேயே, ஹம்மில் வண்டி மாறிப் போனோம்.

வீடு இருந்தது, ஆனால் விடுமுறைத் தங்குமிடமாக மாறியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தை நான்கு அறைகளாகத் தடுத்துவிட்டார்கள். நீள மேசைகள், சாப்பாட்டு மணி, இருட்டு அறை எதுவும் இல்லை. வரவேற்பறைச் சுவரில் மட்டும் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம்: கிண்ணங்களுக்கு முன்னால் சிரிக்கும் குழந்தைகள், பின்னால் டான்டேகள். அடியில், "கடலோரத்தில் மகிழ்ச்சியான குழந்தைப் பருவம்" என்று ஜெர்மனில் அச்சடித்திருந்தது.

மேசையில் விருந்தினர் கருத்தெழுதும் புத்தகம் கிடந்தது. அதில் ஒரு முழுப் பக்கம் ஜெர்மனில் எழுதினேன்: கிண்ணம், வாந்தி, கரண்டி, பிர்கிட் எழுந்து நின்றது, எல்லாம். இந்தத் தடவை அவர்கள் எல்லாராலும் படிக்க முடிய வேண்டும். வரவேற்பில் இருந்த இளம்பெண் படித்துப் பார்த்து வெளிறிப்போனாள். மற்ற விருந்தினர்கள் பார்க்கும் புத்தகம் இது, வேறு தாளில் எழுதித் தர முடியுமா, இதைக் கிழிக்கவேண்டியிருக்கும் என்று மிகவும் பணிவாகச் சொன்னாள். கிழியுங்கள், நாளை வரை இங்கேதான் இருப்பேன், மறுபடியும் எழுதுவேன் என்றேன். வம்பு என்றாலே ஒதுங்கிப்போகும் என் கணவர், இத்தனை நேரம் என் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தவர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "பேனாவக் குடு" என்று வாங்கி, என் எழுத்துக்குக் கீழே தமிழில் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை கிளம்பும்போது பார்த்தேன். பக்கம் அப்படியே இருந்தது. படத்தைத்தான் கழற்றியிருந்தார்கள், அந்த இடத்தில் சுவர் மட்டும் வெளிறியிருந்தது. என் காலத்திலிருந்து அந்த வீட்டில் மிச்சமிருந்த கடைசிப் பொருள் அந்தப் படம். அது போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.