இடம் நிரம்பிவிட்டது

அலுவலகத்தில் அவருக்குக் கட்டம் என்று பெயர். சமூக வலைத்தளத்தின் பக்கங்களை முதலில் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, எந்தப் பட்டன் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர்தான். வயது நாற்பத்தெட்டு. சுற்றியிருப்பவர்கள் எல்லாம் இருபது வயது இளையவர்கள் என்பதால் பெயரோடு ஒரு 'சார்' ஒட்டிக்கொண்டது. மரியாதை அந்த ஒட்டோடு சரி.

இரண்டு வருடமாக அவர் வரைந்ததெல்லாம் ஊத்திக்கொண்டது. கடைசியாக வேலை தேடும் பக்கம் கைக்கு வந்தது.

"ஒரு ஆள் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது 'விண்ணப்பி' பட்டனை அமுத்தணும். மாசக் கடைசிக்குள்ள நடக்கலன்னா இந்த டீமே கிடையாது," என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒரே சம்பளம். மனைவி பதினெட்டு வருடம் மேற்பார்வை பார்த்த மருந்துக் கிடங்கை மூடி ஒரு வருடமாகிறது.

எண்ணிக்கை எட்டிலேயே நின்று சண்டித்தனம் செய்தது. கட்டம் சார் பட்டனைப் பெரிதாக்கிப் பார்த்தார், நிறத்தை மாற்றிப் பார்த்தார். ஊஹூம். ஆள் எடுத்து முடிந்த வேலைகளின் மேல் 'இடம் நிரம்பிவிட்டது' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வரும். அதைக் கண்டதும் ஜனங்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், யாரும் சொல்லாமலே, அவரே அந்த வரியை எடுத்துவிட்டார். தன் பெண்டாட்டியும் அதே பக்கத்தில்தான் வேலை தேடுகிறாள் என்பது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவேயில்லை. எண்ணிக்கை இருபத்து மூன்றுக்குத் தாவியது. மேனேஜர் கேக் வாங்கி வந்தார். இவரும் ஒரு துண்டு தின்றார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதன்கிழமைதோறும் அந்த டீமில் ஒரு வழக்கம். அந்தப் பக்கத்தில் வேலை தேடுகிற யாராவது ஒருவரை எடுத்து, பெயரை மறைத்துவிட்டு, அந்த வாரம் அவர் அழுத்தியதையெல்லாம் பெரிய திரையில் வரி வரியாகப் படிப்பார்கள். கேக் தின்ற ஆறாவது வாரம் திரையில் வந்தது ஒரு பெண். வயது நாற்பத்தைந்து. ஒரே நாளில் அறுபத்தொரு விண்ணப்பம். ஒவ்வொன்றின் அடியிலும் அந்தப் பெண்ணே தட்டிய வரி: 'எந்த ஷிப்ட் என்றாலும் வருவேன். பதினெட்டு வருடம் மருந்துக் கிடங்கில் இருந்தேன்.'

கட்டம் சார் 'பதினெட்டு வருடம்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு ஏற்கெனவே நிரம்பிய இடங்கள் என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அதை வேறு யாரும் படிக்கவில்லை.

"தங்கமான ஆளு!" என்றார் மேனேஜர். "இவங்க மாதிரி ஆயிரம் பேர் இருந்தாப் போதும்."

"அது என் சம்சாரம் சார்."

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "அட, நல்லதாப் போச்சு! எது அவங்களை விடாம அமுத்த வைக்குதுன்னு கேட்டுட்டு வாங்க."

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, அடுப்பில் ஏதோ கொதிக்க, அவள் நின்றபடியே போனில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு மீட்டிங்ல உன்னைப் பத்திப் பேச்சு வந்துச்சு," என்றார்.

ஒரு வருடமாக வாடிக் கிடந்த முகம் சட்டென்று மலர்ந்தது. "என்னைப் பத்தியா? அங்க ஏதாவது வேலை இருக்கா?"

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. அந்த வரி, கேக், ஐம்பத்தெட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் அடுப்பை அணைத்தாள். "அப்ப இத்தனை நாளா நான் யாருக்கு எழுதிட்டிருந்தேன்?"

அவர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார்.

"எங்கிட்டதான் ஏதோ குறைன்னு நினைச்சேங்க. தலைக்குச் சாயம் போட்டு, புது போட்டோ எடுத்து வேற மாத்தினேன்." குரல் உடைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த வரியைத் திரும்பப் போடுங்க," என்றாள்.

"போட்டா எண்ணிக்கை விழுந்துடும்மா. என் வேலையும் போயிடும்."

"போகட்டும்." போனை அவர் கையில் திணித்தாள். "ரெண்டு பேருமா உக்காந்து அமுத்தலாம்."