ஒரே கையில் இரண்டு பட்டை

அந்தக் கேளிக்கைப் பூங்காவில் மேனேஜர் முதல் குப்பை அள்ளுபவர் வரை எல்லோருக்கும் அவர் வளையல் அக்காதான். பூங்காவுக்கு வருவதற்கு முன்பு நெடுங்காலம் ஒரு வளையல் கடையில் வேலை பார்த்தவர். ஒரு கையைப் பிடித்தால் போதும், எந்த அளவு ஏறும், எங்கே வலிக்கும் என்று அவர் விரல்களுக்கே தெரியும். கடையை மூடியபோது, பூங்கா வாசலில் கைப்பட்டை மாட்ட ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். "வளையலுக்காவது சோப்பு வேணும், இதுக்கு அதுவும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

வேலை சின்னதுதான். உள்ளே வருகிறவர்களின் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் பிறகு கத்தரித்துத்தான் எடுக்க முடியும். ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் நுழையக் கூடாது. ஆனால் பூங்கா முழுவதும் அந்தப் பட்டையை நம்பித்தான் ஓடியது. எந்த ராட்டினத்தில் எத்தனை மணிக்கு ஏறலாம் என்று போனிலேயே நேரம் வாங்கிவிடுவார்கள். அந்த நேரத்துக்குப் போய்ப் பட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். இறங்கி வெளியே வரும்போதும் காட்ட வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்கிற கணக்கு மாடியிலிருந்த கண்ட்ரோல் அறைத் திரையில் புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அக்காவின் மருமகள்.

வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். மகன் பஸ் ஓட்டப் போய்விட்டால் பகல் முழுவதும் மாமியாரும் மருமகளும் இரண்டு அறை வீட்டில் முட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. "படிச்ச பொண்ணு சார், சும்மா உட்கார்ந்திருக்கா" என்று மேனேஜரிடம் சொல்லி உள்ளே கொண்டுவந்தார். அவள் கொஞ்ச நாளிலேயே மாடி ஏறிவிட்டாள். ஊழியர்களுக்கும் பட்டை உண்டு என்பதால், மாமியார் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதெல்லாம் மருமகளுக்குத் தெரிந்தது. ஒருநாள் கால் கடுக்கிறதென்று அக்கா ஓய்வறைக்குள் போய் உட்கார்ந்த மாத்திரத்தில் வாக்கி டாக்கி பேசியது: "மெயின் கேட், ரெண்டாவது கவுண்டர் காலியா இருக்கு." பூங்கா முழுக்கக் கேட்டது. அன்று சாயங்காலம் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான்.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. மணிக்கட்டில் கட்ட விடாமல் அழுத ஒரு குழந்தைக்கு அக்கா காலில் கட்டிவிட்டார். ராட்டினக் கதவில் குழந்தையின் காலைத் தூக்கிக் காட்ட வேண்டியதாகி, வரிசை நின்று, புகார் மேலே போனது. யார் மாட்டியது என்று திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் மருமகள். சொன்னாள். "வளையல் அக்கா, இன்னொரு தடவை விதியை மீறினா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று மேனேஜர் எழுத்திலேயே எச்சரிக்கை கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மருமகளிடம் அக்கா தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை.

இந்த நிலையில்தான் ஒரு விடுமுறை நாளில், வாசலில் எள் விழ இடமில்லாத நேரத்தில், வயதான தம்பதி ஒன்று அவர் கவுண்டருக்கு வந்தது. பெரியவரின் இரண்டு கைகளிலும் தோல் உரிந்து, முழங்கை வரை மருந்து பூசியிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குக் கழுத்தில் தொங்கவிடுகிற பை உண்டு. அதற்கு மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து, கையெழுத்து வாங்கி, பையை எடுத்துக் கொடுக்கிற வரை வரிசை நகராது. பின்னால் ஏற்கெனவே முணுமுணுப்பு.

"என் கையிலயே ரெண்டையும் போட்டுடும்மா" என்றார் அந்த அம்மாள். "எங்க போனாலும் நான்தானே இவரை இழுத்துட்டுப் போகணும்."

"நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்றார் பெரியவர்.

"ஆட்டுக்குட்டின்னா சொன்ன பேச்சு கேக்கும்."

அக்கா சிரித்துவிட்டார். ஒரு கைக்கு ஒரு வளையல் என்று மாட்டிப் பழகியவரா அவர்? அந்த அம்மாளின் மணிக்கட்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாக இரண்டு பட்டைகளையும் அழுத்திவிட்டு, "போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அடுத்த கை வந்தது. அதற்கடுத்தது வந்தது. மறந்தும் போனார்.

மதியத்துக்குப் பிறகு வாக்கி டாக்கி கரகரத்தது. குகைப் படகு நின்றுவிட்டது. மின்சாரம் ஒருமுறை விட்டு வந்ததில் மோட்டார் அணைந்துபோயிருந்தது. மோட்டார் அணைந்தால் குகைக்குள் ஓடும் வாய்க்கால் வடிந்துவிடும். படகுகள் தரை தட்டி நிற்கும். ஊழியர்கள் உள்ளே போய், படகில் இருந்தவர்களை ஓரமாக இருக்கும் நடைபாதை வழியே நடத்திக் கூட்டிவர வேண்டும். எல்லோரும் வெளியே வந்ததும், மேலே தொட்டியில் தேக்கிய தண்ணீரை ஒரே வீச்சில் திறந்துவிட்டால் படகுகள் மிதக்கும். யாராவது உள்ளே இருந்தால் திறக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. அதைப் பார்த்துச் சொல்வது கண்ட்ரோல்.

அக்கா கவுண்டரில் வேலை பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ட்ரோல், எல்லாரையும் கூட்டிட்டு வந்தாச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தாச்சு."

"சரி. திரையிலயும் உள்ள ஜீரோ" என்றது மருமகளின் குரல். "மோட்டார் ரூம், தொட்டி ரெடியா?"

"நிரம்பிட்டிருக்குமா. நிரம்பினதும் சொல்றேன்."

நடுவில் மேனேஜர் புகுந்தார். "சீக்கிரம் ஆகட்டும். நேரம் வாங்கினவங்க எல்லாம் போன்ல என்னை வறுத்தெடுக்கறாங்க. ஒரு படகு நின்னா எல்லாருடைய நேரமும் தள்ளிப் போகுது."

அப்போதுதான் அந்த அம்மாள் வாசலை நோக்கி வந்தார். நடை கோணலாக இருந்தது. ஒரு காலில்தான் செருப்பு.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தாரா?"

"இல்லையேம்மா. உதவி கவுண்டர்ல கேட்டீங்களா?"

"கேட்டேனே. அங்க ஒரு பையன் திரையைப் பார்த்துட்டு, 'அம்மா, அவர் உங்க பக்கத்துலதான் நிக்கறார்'ங்கறான். திரும்பிப் பார்த்தேன், ஒரு குப்பைத்தொட்டிதான் நிக்குது. வயசானவகிட்ட என்ன கிண்டல்?"

அக்காவின் கண் அந்த மணிக்கட்டில் போய் விழுந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டைகள்.

"குகைப் படகுல போனீங்களா?"

"போனோம். அதுதான் பாதியில நின்னுபோச்சே. இறங்கும்போது என் செருப்பு ஒண்ணு நழுவிக் கீழ விழுந்துடுச்சு. புதுச் செருப்பு. 'நீ முன்னால போ, நான் எடுத்துட்டு வரேன்'னு சொன்னார். அந்தப் பசங்க வேற நட நடன்னு விரட்டினாங்க. வெளிய வந்து கையை நீட்டினேன், பச்சை விளக்கு எரிஞ்சுது. பின்னாலயே வருவார்னு நின்னு நின்னு பார்த்தேன்..."

கையை நீட்டியபோது கணக்கில் இரண்டு பேர் வெளியே வந்துவிட்டார்கள். வந்தது ஒருவர். இன்னொருவர் வடிந்த வாய்க்காலுக்குள், படகுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். அக்காவுக்கு அது எதிரில் நடப்பதுபோல் தெரிந்தது.

வாக்கி டாக்கியை எடுத்தார். அழுத்துவதற்கு முன் விரல் ஒரு கணம் நின்றது. மேனேஜரின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. பகல் முழுக்க வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும், சாயங்காலம் மருமகள் வேலை முடிந்து வருவதும் கண்ணுக்குள் ஓடியது. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லி, தன் தலையைத் தப்புவிக்கப் பார்த்தார்.

"கண்ட்ரோல், மெயின் கேட். குகைக்குள்ள ஒரு பெரியவர் இருக்கார்னு அவர் சம்சாரம் இங்க வந்து சொல்றாங்க."

"மெயின் கேட், உள்ள ஜீரோ. உதவி கவுண்டர்லயும் அந்த அம்மா கேட்டிருக்காங்க, அவர் பட்டை உங்க கவுண்டர்கிட்டதான் காட்டுது. பக்கத்துல பாருங்க."

"பக்கத்துல இல்லை. இன்னொரு தடவை உள்ள பார்க்கச் சொல்லு."

"பசங்க பார்த்துட்டுதான் வந்தாங்க. டாய்லெட் பக்கம் தேடச் சொல்லுங்க."

குரலில் ஏளனம் இல்லை. தினமும் பத்துப் பேர் கணவனைக் காணோம், மாமனைக் காணோம் என்று வருகிற இடம் அது. திரையில் புள்ளி தெரியும்; அந்த இடத்தில் ஆளும் இருப்பார். அது பொய் சொன்னதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"கேட்டுல இருந்து யாரும் குறுக்க பேச வேண்டாம்" என்றார் மேனேஜர்.

"தொட்டி நிரம்பிடுச்சு" என்றது மோட்டார் ரூம். "திறக்கட்டுமா?"

"சரிண்ணே, திற..."

"ஏம்மா, திறக்காத." அக்காவுக்குக் கண்ட்ரோலும் மறந்தது, மெயின் கேட்டும் மறந்தது. "அவர் பட்டையும் இந்த அம்மா கையிலதான் இருக்கு. ரெண்டையும் ஒரே கையில நான்தான் கட்டினேன். அவர் வாய்க்காலுக்குள்ள இறங்கியிருக்கார்."

வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல்.

"மோட்டார் ரூம், மூடுங்க."

"கொஞ்சம் திறந்துட்டேனேம்மா."

"மூடுங்கண்ணே. மூடிட்டுச் சொல்லுங்க. பசங்க எல்லாரும் உள்ள ஓடுங்க, கீழ வாய்க்கால்ல பாருங்க. படகுக்கு அடியில பாருங்க."

அந்த அம்மாளுக்குப் பாதி புரிந்து பாதி புரியவில்லை. "தண்ணி திறந்துட்டாங்களா?" என்று அக்காவின் கையைப் பிடித்தார். உடும்புப் பிடி. அக்கா கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு, வரிசையில் நின்றவர்கள் சத்தம் போடுவதைக் காதில் வாங்காமல், அவரையும் கூட்டிக்கொண்டு குகைப் பக்கம் நடந்தார். ஓட முழங்கால் விடவில்லை. வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்தி வைத்திருந்தார். அதில் காலடிச் சத்தமும் யாரோ மூச்சு வாங்குவதும்தான் கேட்டன. "மூடியாச்சு" என்றது மோட்டார் ரூம். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பையனின் குரல்: "மூணாவது படகுகிட்ட தண்ணி இடுப்பளவு இருக்கு." மறுபடி ஒன்றும் இல்லை.

"இருக்கார். ஆள் இருக்கார். படகு ஆடி வந்து சுவரோட சேர்த்து அழுத்தியிருக்கு. தள்ளறோம்."

பெரியவரை இரண்டு பேர் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். தொடை வீங்கியிருந்தது, மற்றபடி பேச்சு தெளிவாக இருந்தது. செருப்பைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். முழுதும் திறந்திருந்தால் படகு எழும்பிச் சுவரில் மோதியிருக்கும், நடுவில் எலும்பு மிஞ்சியிருக்காது என்று மோட்டார் ரூம்காரர் பின்னால் சொன்னார்.

"செருப்புக்காகவா போவாங்க?" என்று அந்த அம்மாள் அவர் முதுகில் அடித்தார். அடித்த கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புதுசுன்னு நீதானே சொன்ன" என்றார் பெரியவர்.

அன்று சாயங்காலம் மாடியில் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு மாமியாரையும் மருமகளையும் எதிரில் உட்கார வைத்தார். அவர் கெட்டவர் அல்ல.

"அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பணும். என்ன நடந்துது? பெரியவர் கை வலிக்குதுன்னு பட்டையைக் கழட்டி, சம்சாரம் கையில அவரே மாட்டியிருப்பார். அப்படித்தானே?"

"பொத்தானை அழுத்தினா கழட்ட முடியாது சார்" என்றாள் மருமகள்.

"ஏதோ ஒண்ணு. வந்தவங்க தப்புன்னு எழுதினா வளையல் அக்கா தப்பிச்சுடுவாங்க. பசங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். அக்கா மேசையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாக்கி டாக்கியில் சொன்னது ஓர் உயிருக்காக. உயிர்தான் பிழைத்துவிட்டதே, காகிதத்திலும் எதற்கு என்று அவருக்குத் தோன்றியது. எழுதட்டும் என்றுதான் பேசாமல் இருந்தார். மருமகள் கணினியை இழுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

ஊழியர்களின் பஸ்ஸில் இருவரும் எப்போதும் வேறு வேறு இருக்கையில்தான் உட்காருவார்கள். அன்று மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, நடந்ததை நடந்தபடியே எழுதிட்டேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவரே வழி சொன்னாரே. உன் கை எழுத மாட்டேன்னு சொல்லிடுச்சா?"

"எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். வரலை." அவள் குரல் தணிந்திருந்தது. "நாளைக்கு வேற யாராவது ரெண்டையும் ஒரே கையில கட்டுவாங்க. அன்னிக்கும் திரையில ஜீரோன்னுதான் காட்டும். 'திற'ன்னு நான் சொல்லிட்டேன் அத்தை. அந்த வார்த்தை இன்னும் வாயை விட்டுப் போகலை."

"பாதிதானே சொன்ன."

"கேட்டுல இருந்து ரெண்டு தடவை சொல்லியும் நான் கேக்கலைன்னு அதையும் எழுதியிருக்கேன்."

அக்கா சட்டென்று திரும்பினார். "உன் பேரை எதுக்குடி எழுதின, பைத்தியக்காரி? ரெண்டு பேருக்கும் வேலை போய் பகல் பூரா வீட்டுல உட்கார்ந்தா ஒருத்தரை ஒருத்தர் தின்னுடுவோம்."

மருமகளுக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று முன் இருக்கைக்காரருக்கே விளங்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போனார்.

முடிவு அந்த வாரக் கடைசியில் வந்தது. மருமகளுக்குக் கண்டிப்பு. வளையல் அக்காவுக்கு வேலை இல்லை. இனி படகு நின்றால், திரை என்ன காட்டினாலும், வெளியே வருகிறவர்களை ஆள் வைத்துத் தலை எண்ண வேண்டும் என்று புது விதியும் போட்டிருந்தார்கள். கடிதத்தை வீட்டில் படித்துச் சொன்னவள் மருமகள்தான்.

"அந்தப் பெரியவருக்கு வீக்கம் குறைஞ்சுதான்னு விசாரிச்சியா?"

"போன் பண்ணினேன் அத்தை. நடக்கறாராம்."

"சரி, கிளம்பு. உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."